புதையல் இருக்கு, நடந்து வாங்க!

பென்சில்வேனியா காட்டுக்குள் ஒரு சைக்கிள் பாதை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, விழுந்து கிடக்கிற ஓர் அடிமரத்துக்குக் கீழே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கமாக வருகிற யாராவது, 'ஏதாவது தொலைச்சுட்டீங்களா?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லையே' என்று அசடு வழிகிறார். ஆள் நகர்ந்ததும் மறுபடி துழாவல்.

கடைசியில் அகப்படுகிறது, ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு குட்டி நோட்டு, ஒரு பொம்மை கார், இரண்டு கோலிக்குண்டு, ஒரு சாவி வளையம். அவ்வளவுதான். நோட்டில் பெயரும் தேதியும் எழுதுகிறார். டப்பாவை எடுத்த இடத்திலேயே ஒளித்து வைக்கிறார். முகத்தில் லாட்டரியில் ஜெயித்த சந்தோஷம். அடுத்த டப்பாவைத் தேடி சைக்கிளை மிதிக்க ஆரம்பிக்கிறார்.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருத்தர் ஒளித்துவைப்பார். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் இன்டர்நெட்டில் போடுவார். ஜி.பி.எஸ். கையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் தேடலாம். எடுத்த பொருளுக்குப் பதிலாக சமமான ஒன்றை வைக்க வேண்டும். நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். விவரம் தெரியாத வழிப்போக்கர் கண்ணில் படக்கூடாது. விதிகள் இவ்வளவுதான். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. குறிப்பாக, நெடுந்தூர நடைபாதைகளிலும் சைக்கிள் பாதைகளிலும்.

'கோலிக்குண்டுக்காக எதுக்கு சார் நூறு மைல் சைக்கிள் மிதிக்கணும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில், ஒரு சுப்ரீம் கோர்ட் நீதிபதியின் காலடியில் இருக்கிறது. அவரிடம் போவதற்கு முன்னால், இந்த விளையாட்டு பிறந்த கதையைப் பார்த்துவிடலாம். அது ஒரு துயரத்தில் ஆரம்பிக்கிறது.

1983, செப்டம்பர் 1. நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறி சோவியத் யூனியனின் வான் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 269 பேரும் இறந்தார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்று விமானத்துக்குச் சரியாகத் தெரியாமல் போனதற்கு அத்தனை உயிர்கள் விலை.

அப்போது அமெரிக்க ராணுவம் ஜி.பி.எஸ். சேட்டிலைட்டுகளை ஒவ்வொன்றாக வானத்தில் நிறுத்திக்கொண்டிருந்தது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவை. ஒவ்வொன்றுக்குள்ளும் அணுக் கடிகாரம். குறைந்தது நான்கு சேட்டிலைட்டுகளின் சிக்னல் கிடைத்தால், நீங்கள் நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். ஏவுகணைகளுக்கும் கப்பல்களுக்கும் வழிகாட்ட உருவான சமாசாரம். விமானம் வீழ்ந்த இரண்டே வாரத்தில், இந்த ஏற்பாடு தயாரானதும் பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று ரீகன் அரசாங்கம் அறிவித்தது.

கிடைத்தது. ஆனால் கலப்படத்துடன். எதிரிகள் உபயோகித்துவிடக்கூடாது என்று பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே தப்பைக் கலந்தார்கள். நூறு மீட்டர் அப்படி இப்படி இருக்கும். கடலில் போகிற கப்பலுக்கு அது போதும். ஒரு டப்பாவைத் தேடுகிறவருக்கு? நூறு மீட்டர் சுற்றளவில் உள்ள புதரையெல்லாம் கலைத்துப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும்.

2000-ம் வருடம் மே 1-ம் தேதி, கலப்படத்தை நிறுத்தப்போவதாக அதிபர் கிளின்டன் அறிவித்தார். அன்றிரவே நிறுத்தினார்கள். உலகத்தில் உள்ள அத்தனை ஜி.பி.எஸ். கருவிகளும் ஒரே ராத்திரியில் பத்து மடங்கு புத்திசாலிகள் ஆகிவிட்டன!

இதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டவர்களில் ஒருவர் டேவ் அல்மர். ஆரிகன் மாநிலத்துக்காரர். மே 3-ம் தேதி பீவர்க்ரீக் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவைத்தார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, சாஃப்ட்வேர், கொஞ்சம் காசு, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். எண்களை இன்டர்நெட்டில் போட்டார். 'எதையாவது எடுங்க, எதையாவது வையுங்க' என்பதுதான் செய்தி. சில நாட்களுக்குள்ளேயே இரண்டு பேர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே மாதக் கடைசியில் ஜியோகேச்சிங் என்று பெயரும் வைத்தாயிற்று. அந்த பீன்ஸ் டின்னை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

சும்மா சொல்லக்கூடாது, யோசனை முற்றிலும் புதுசு இல்லை. 1854-லேயே இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல்வெளியில், கிரான்மியர் என்கிற எட்டாக்கையான இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்கிற வழிகாட்டி ஒரு பாட்டிலை வைத்தார். சேற்றிலும் புல்லிலும் கஷ்டப்பட்டு அங்கே வந்து சேர்கிறவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதற்குள் போட்டுவிட்டுப் போவார்கள். 'நான் வந்தேன்' என்று அடுத்து வருகிறவருக்குச் சொல்கிற ஆசை. அல்மரின் வாளியில் இருந்ததும் அதே ஆசைதான். கூடவே சேட்டிலைட் சேர்ந்துகொண்டது.

இப்போது பென்சில்வேனியா பெண்மணியிடம் திரும்புவோம். அவர் போகிற பாதை பிட்ஸ்பர்க்கில் ஆரம்பித்து கம்பர்லண்ட் என்கிற ஊர்வரை 150 மைல். கிரேட் அலெகெனி பாசேஜ் என்று பெயர். கம்பர்லண்டில் அது இன்னொரு பாதையோடு இணைகிறது. அங்கிருந்து வாஷிங்டன்வரை 184.5 மைல். ஆக மொத்தம் 334 மைல் சொச்சம். நம் கணக்கில் 538 கிலோமீட்டர். வழி நெடுக மோட்டார் வண்டித் தொந்தரவு கிடையாது.

இந்த இரண்டாவது பாதிதான் நமக்கு முக்கியம். ஏனென்றால் அது ஒரு தோற்றுப்போன கால்வாயின் கரை.

கடலோர அமெரிக்காவையும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒஹையோ நதியையும் தண்ணீர் வழியாக இணைக்க வேண்டும் என்பது ஜார்ஜ் வாஷிங்டன் காலத்துக் கனவு. 1828, ஜூலை 4. சுதந்திர தினம். அதிபர் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் மண்வெட்டி பிடித்துக் கால்வாய் வேலையைத் தொடங்கிவைத்தார். செஸபீக் - ஒஹையோ கால்வாய். வாஷிங்டனில் ஆரம்பித்து பிட்ஸ்பர்க்வரை போவதாகத் திட்டம்.

விதியைப் பாருங்கள். அதே நாள், பக்கத்தில் பால்டிமோரில் இன்னொரு விழா. பால்டிமோர் - ஒஹையோ ரயில்பாதைக்கு அடிக்கல். ஒரே நாள். ஒரே இலக்கு. ஒன்று தண்ணீரில். இன்னொன்று தண்டவாளத்தில்.

யார் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லவேண்டியதே இல்லை. ரயில் 1842-ல் கம்பர்லண்டைத் தொட்டது. கால்வாய் வந்து சேர்ந்தது 1850-ல். அதற்குமேல் ஓர் அடிகூடப் போகவில்லை. பிட்ஸ்பர்க் கனவு அத்தோடு சரி.

ஆனால் கட்டியவரை லேசான காரியமில்லை. வாஷிங்டனுக்கும் கம்பர்லண்டுக்கும் நடுவே தரைமட்டம் 605 அடி உயர்கிறது. படகு மேடேறுமா? 74 இடங்களில் 'லாக்' கட்டினார்கள். முன்னும் பின்னும் கதவு வைத்த கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்புவார்கள். படகு மேலே வரும். எதிர்க் கதவைத் திறப்பார்கள். போகவேண்டியதுதான். படகுக்கான லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படகை இழுப்பது? கோவேறு கழுதைகள். கரையோரமாக அவை நடந்துபோன மண் பாதையில்தான் இன்றைக்கு சைக்கிள்கள் ஓடுகின்றன.

பாபா என்று ஒரு சுரங்கம். நம்ம சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பழம் அந்தப் பக்கத்துக் காடுகளில் விளைகிறது. அதன் பெயர்தான் இது. நதி வளைந்து நெளிந்து ஓடுகிற ஆறு மைல் தூரத்தைத் தவிர்ப்பதற்காக மலையைக் குடைந்தார்கள். நீளம் 3,118 அடி. சுவரெங்கும் செங்கல், அறுபது லட்சத்துக்கு மேல். 1836-ல் ஆரம்பித்தபோது இரண்டே வருடத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். பிடித்தது 14 வருடம். கூலி பாக்கி, தொழிலாளர்களுக்குள் அடிதடி, கான்ட்ராக்டர் திவால் என்று அத்தனை சோதனையும் வந்தது.

சுரங்கத்துக்குள் ஒரே நேரத்தில் ஒரு படகுதான் போக முடியும். ஒருமுறை எதிரெதிரே வந்த இரண்டு படகுக்காரர்களும் பின்வாங்க மறுத்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்களாம். நாள் கணக்கில் பஞ்சாயத்து. கடைசியில் கால்வாய் கம்பெனி ஆட்கள் பச்சைச் சோளத்தட்டையைக் கொளுத்திப் புகை போட்டு வெளியேற்றினார்கள் என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். ஈகோ எந்த ஊரிலும் ஈகோதான்.

1889-ல் பெருவெள்ளம். கால்வாய் கந்தலானது. நிர்வாகம் யார் கைக்குப் போனது தெரியுமா? போட்டியில் ஜெயித்த அதே ரயில் கம்பெனியின் கைக்கு! 1924-ல் மறுபடி வெள்ளம். படகுப் போக்குவரத்து நின்றே போனது. 1938-ல் இருபது லட்சம் டாலர் கொடுத்து அரசாங்கம் வாங்கிக்கொண்டது. வாங்கிவிட்டு என்ன செய்வது என்று புரியவில்லை. கால்வாயில் புல்லும் மரமும் முளைத்தன. ஆமைகள் குடியேறின.

அப்போது வந்தது ஒரு யோசனை. நதியோரமாக ஒரு நீளமான இடம் சும்மா கிடக்கிறதே, கார் ரோடு போட்டால் என்ன? ஜனங்கள் காரில் உட்கார்ந்தபடியே இயற்கை அழகை ரசிக்கலாமே? தேசியப் பூங்கா நிர்வாகமே இந்தத் திட்டத்துக்கு ஆதரவாக இருந்தது. 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையும் ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

தலையங்கத்தைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனார் ஒருவர். வில்லியம் டக்ளஸ். சுப்ரீம் கோர்ட் நீதிபதி. வயது 55. குழந்தைப் பருவத்தில் வந்த கடுமையான நோயால் கால்கள் பலவீனமாகி, மலையேறி மலையேறியே அவற்றைத் தேற்றிக்கொண்டவர். பேனாவை எடுத்தார். பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்.

வழக்கு போடுவேன் என்று எழுதவில்லை. சட்டப் பிரிவு எதையும் காட்டவில்லை. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: 'தலையங்கம் எழுதியவர் கொஞ்சம் லீவு போட்டுவிட்டு என்னுடன் வரட்டும். முழுக் கால்வாயையும் சேர்ந்து நடப்போம். நடந்து முடித்தபிறகு அவர் வேறு மனிதராக இருப்பார். இந்த இடத்தைக் காப்பாற்ற அவரே பேனாவைத் தூக்குவார்.'

பத்திரிகையும் சளைக்கவில்லை. 'தேதியைச் சொல்லுங்கள், வருகிறோம்' என்றது.

1954, மார்ச் 20. கம்பர்லண்டிலிருந்து நடை ஆரம்பம். இயற்கை ஆர்வலர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று ஒரு கூட்டமே சேர்ந்துகொண்டது. நடுநடுவே சேர்ந்தவர்கள், விலகியவர்கள் எல்லாரையும் கூட்டினால் 58 பேர். எட்டு நாளில் 184.5 மைல். அதாவது, ஒரு நாளைக்குச் சராசரியாக 37 கிலோமீட்டர். குளிர் விட்டபாடில்லை. காலில் கொப்புளம். நீதிபதி நடந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆட்கள் கழன்றுகொண்டே வந்தார்கள்.

எட்டாவது நாள் வாஷிங்டனில் கணக்குப் பார்த்தபோது, தொடக்கத்திலிருந்து கடைசிவரை முழுசாக நடந்தவர்கள் மொத்தம் ஒன்பதே பேர். டக்ளஸ் ஒருவர். அவரைவிடப் பத்து வயது மூத்த உயிரியலாளர் ஓலாஸ் மியூரி இன்னொருவர். அவருக்கு 65!

பத்திரிகை ஆசிரியர்களால் முழுத் தூரத்தையும் முடிக்க முடியவில்லை. ஆனால் நடந்தவரை பார்த்துவிட்டார்கள். லாக் கதவின் பழைய இரும்பு, பறவைச் சத்தம், சுரங்கத்தின் இருட்டு. மார்ச் மாதம் முடிவதற்குள் 'வாஷிங்டன் போஸ்ட்' தன் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதியது. எழுதிய அதே பேனா!

கார் ரோடு திட்டம் அடங்கியது. டக்ளஸ் அதோடு விடவில்லை. கமிட்டி போட்டார், வருஷா வருஷம் நடந்தார், வருகிறவர்களையெல்லாம் நடக்கவைத்தார். 1971 ஜனவரியில் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. 1977-ல் அதை டக்ளஸின் பெயருக்கே அர்ப்பணித்தார்கள்.

மேற்குப் பாதிக்கு வருவோம். கம்பர்லண்டிலிருந்து பிட்ஸ்பர்க் திசையில், பிற்பாடு முளைத்த வேறு சில ரயில்பாதைகளும் ஒருநாள் நஷ்டத்தில் கைவிடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த அந்தத் தடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். முதல் துண்டு திறந்தது 1986-ல், ஒஹையோபைல் பக்கம். கடைசித் துண்டு பிட்ஸ்பர்க்கைத் தொட்டது 2013-ல். ஆக, கால்வாய் கட்டியவர்கள் 1828-ல் கண்ட வாஷிங்டன் - பிட்ஸ்பர்க் கனவு 185 வருடம் கழித்து நிறைவேறியது. படகில் இல்லை, சைக்கிளில்!

இந்தப் பாதையில் டப்பா தேடுகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. பென்சில்வேனியாவின் மாநிலப் பூங்காக்களில் முறையாக அனுமதி வாங்கி டப்பா ஒளித்துவைக்கலாம். கம்பர்லண்டைத் தாண்டிக் கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டால் கதை வேறு. அது தேசியப் பூங்கா நிலம். அனுமதியில்லாமல் குழி தோண்டக்கூடாது. பொருளை வைத்துவிட்டுப் போனால் அது புதையல் இல்லை, கேட்பாரற்ற பொருள். ஒருகாலத்தில் கார் ரோட்டுக்குத் தலையாட்டிய அதே நிர்வாகம், இன்று ஒரு ஃபிலிம் டப்பாவுக்குக்கூட அவ்வளவு சுலபத்தில் சம்மதிப்பதில்லை. டக்ளஸ் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

விளையாட்டுக்காரர்கள் விடுவார்களா? டப்பாவே இல்லாத ஒரு தேடலைக் கண்டுபிடித்தார்கள். எண்கள் உங்களை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகும். அங்கே தேட எதுவும் இருக்காது. ஒரு கேள்வி இருக்கும். இந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது? பாறையில் தெரிகிற அடுக்குகள் ஏன் இப்படிச் சாய்ந்திருக்கின்றன? நேரில் போய் உற்றுப் பார்த்தால்தான் பதில் தெரியும். பாறையையும் மண்ணையும் படிக்கவைக்கிற தேடலுக்கு எர்த்கேச் என்று பெயர். 2004-ல் அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் முயற்சியில் ஆரம்பித்தது.

இந்த விளையாட்டிலும் ஒரு கெடுதல் உண்டு. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. சிலர் அதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, 161 மீட்டருக்கு ஒன்று என்று நெடுஞ்சாலை ஓரமெல்லாம் வரிசையாகச் சொருகிவைத்தார்கள். காரில் வருவது, குனிவது, கையெழுத்துப் போடுவது, ஓடுவது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் 'கண்டுபிடித்த' சாதனையாளர்கள் உண்டு. எந்த ஊர் வழியாகப் போனார்கள் என்று கேட்டால் யோசிப்பார்கள். 1950-களில் காருக்குள் உட்கார்ந்தபடி கால்வாயைப் பார்க்க நினைத்தார்களே, அதன் இன்றைய வடிவம் இது.

ஜி.பி.எஸ். என்னதான் கெட்டிக்காரக் கருவி என்றாலும் சில மீட்டர் தூரம்வரைதான் கூட்டிப்போகும். மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் அதுவும் தடுமாறும். பாபா சுரங்கத்துக்குள் சேட்டிலைட்டின் சிக்னலே நுழையாது. டார்ச் அடித்துக்கொண்டு, கழுதைகள் நடந்த தடத்தில், ஈரச் செங்கல் சுவரைத் தடவியபடி நடக்க வேண்டும். கடைசிச் சில மீட்டர் எப்போதும் நம்முடைய கண்ணுக்கும் கைக்கும் உரியது.

டக்ளஸ் தலையங்க ஆசிரியரிடம் கேட்டதும் அதைத்தான். அலுவலக மேஜையில் விரித்த மேப்பில் அந்தக் கால்வாய் ஒரு கோடு. கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டால் ரோடு. நேரில் போனவர்களுக்கு அப்படிப் போட மனசு வரவில்லை. ஒரு கோலிக்குண்டை ஒளித்துவைத்துவிட்டு, முன்பின் தெரியாத மனிதர்களை 'வாங்களேன்' என்று கூப்பிடுகிறவரும் அந்த நீதிபதி செய்த வேலையைத்தான் சின்ன அளவில் செய்கிறார்.

பென்சில்வேனியா காட்டில் அந்தப் பெண்மணி நோட்டில் பெயரெழுதினார் இல்லையா? கால்வாய்க் கரையில் அப்படி நோட்டு எதுவும் கிடையாது. இருந்திருந்தால், 1954 மார்ச் 27-ம் தேதிக்கு நேராக ஒன்பது கையெழுத்து இருந்திருக்கும். அந்த ஒன்பது பேர் நடந்த பாதையில்தான் இன்று எல்லாரும் சைக்கிள் மிதிக்கிறார்கள்.